24 வயதில் சாலை சைக்கிள் பந்தயத்துக்கு வருவது தாமதமா? வான் வ்லூட்டனை வைத்து ஒரு பதில்

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். நெதர்லாந்தின் அன்னமீக் வான் வ்லூட்டன் இருபத்தைந்து வயதை ஒட்டித்தான் பந்தயங்களுக்கு வந்தார், 39 வயதில் உலக சாம்பியன் ஆனார், ஆண்கள் பந்தயத்தில் இப்படி நடப்பதில்லையே, அப்படியானால் பெண்கள் பந்தயத்தில் போட்டி குறைவு என்றுதானே அர்த்தம் என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில், போகிற போக்கில், உங்களுக்கு 24 வயது, ஞாயிற்றுக்கிழமைகளில் 100 கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கடைசி வரிதான் உண்மையான கேள்வி என்று நினைக்கிறேன். முதல் பாதிக்கும் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அதில் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது, அது உங்கள் முடிவையும் கெடுக்கும்.

நான் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். விளையாட்டு உடலியல் படித்தவன். பதினான்கு வருடமாக நெடுந்தூர சைக்கிள் ஓட்டுபவர்களுக்கும் ட்ரையத்லான் செய்பவர்களுக்கும் பயிற்சித் திட்டம் போட்டுக் கொடுக்கிறேன். ஐரோப்பிய தொழில்முறை அணி எதிலும் வேலை பார்த்ததில்லை. அதனால் வான் வ்லூட்டனைப் பற்றி நான் சொல்வது பந்தயங்களைப் பார்த்தும், பொதுவெளியில் பதிவானதை வைத்தும் சொல்வது. அவருடைய ஆய்வக அளவீடுகளைப் பார்த்துச் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

முதலில் ஆண்கள் விஷயம். அங்கே நடக்காது என்பது சரியில்லை. ஸ்லோவேனியாவின் ப்ரிமோஷ் ரோக்லிச் பனிச்சறுக்குத் தாண்டுதல் வீரராக இருந்தவர், இருபதுகளில்தான் சைக்கிளுக்கு மாறினார், ஸ்பெயினின் மூன்று வாரப் பந்தயமான வுவெல்டாவை நான்கு முறையும், அதே மாதிரியான இத்தாலியின் ஜீரோவை 2023ல் ஒரு முறையும் வென்றார். அமெரிக்காவின் கிறிஸ் ஹார்னர் 2013ல் வுவெல்டாவை வென்றபோது வயது 41. நெடுநேரம் தாங்கும் விளையாட்டுகளில் இது பெரிய அதிசயம் இல்லை. உச்ச ஆக்சிஜன் பயன்பாடு வயதோடு குறையும் என்பது உறுதியாகத் தெரிந்த விஷயம். தொடர்ந்து கடுமையாகப் பயிற்சி செய்பவர்களுக்கு அந்த இறக்கம் மெதுவாகவே நடக்கும் என்பதும் அப்படித்தான். அதே நேரம் வருடக்கணக்கான பயிற்சியால் அந்த உச்சத்துக்கு அருகிலேயே நெடுநேரம் ஓட்டும் திறமை கூடிக்கொண்டே போகலாம். ஆகவே முப்பத்தைந்து வயதில் நான்கு மணி நேரப் பந்தயத்தின் கடைசி ஏற்றத்தில் ஒருவர் இருபத்தைந்து வயதில் இருந்ததைவிட வலுவாக இருப்பதில் முரண் ஏதுமில்லை. குறுகிய வெடிப்பு வேகம், ஸ்பிரின்ட், அதுதான் முதலில் போகும்.

சரி, வான் வ்லூட்டனுக்கு வருவோம். 1982 அக்டோபரில் பிறந்தவர். கால்பந்து ஆடிக்கொண்டிருந்தவர், முழங்கால் காயத்துக்கு அப்புறம்தான் சைக்கிள். வாகனிங்கன் பல்கலைக்கழகத்தில் விலங்கறிவியல் படித்து முதுகலை முடித்தவர். 2011ல் பெல்ஜியத்தின் ஒரு நாள் பந்தயமான ஃபிளாண்டர்ஸ் சுற்றை வென்றபோது 28 வயது. அப்போதும்கூட மலைகளில் ஆதிக்கம் செலுத்துபவர் என்று யாரும் அவரைச் சொல்லவில்லை. 2016 ரியோ ஒலிம்பிக்கில் விஸ்டா சீனேசா மலையில் ஏறி, தங்கத்துக்குப் பத்து கிலோமீட்டர் சொச்சம் இருக்கும்போது, ஈரமான இறக்கத்தில் தனியாக முன்னால் வந்து ஒரு வளைவில் விழுந்தார். முதுகெலும்பில் மூன்று சிறிய முறிவுகள், மூளையதிர்ச்சி. தொலைக்காட்சியில் அவர் சாலையோரக் கல்லில் மடங்கிக் கிடந்ததைப் பார்த்தவர்கள் பலர் உயிரே போய்விட்டது என்று நினைத்தோம். தங்கம் அவருடைய அணித் தோழி அன்னா வான் டெர் பிரெகனுக்குப் போனது. வான் வ்லூட்டன் ஒரு மாதத்துக்குள் மறுபடி பந்தயத்தில் இருந்தார்.

அவருடைய பெரிய வருடங்கள் எல்லாம் அதற்கு அப்புறம் வந்தவை. 2017லும் 2018லும் டைம் ட்ரையலில், அதாவது ஒவ்வொருவராகத் தனியே நேரத்தோடு போட்டியிட்டு ஓட்டும் பந்தயத்தில், உலக சாம்பியன். பெண்கள் ஜீரோ நான்கு முறை. 2019ல் யார்க்‌ஷயரில் நடந்த உலக சாம்பியன்ஷிப் சாலைப் பந்தயத்தில் லாஃப்ட்ஹவுஸ் ஏற்றத்தில் கிளம்பியவர், நூறு கிலோமீட்டருக்கு மேல் தனியாகவே ஓட்டி, இரண்டு நிமிடத்துக்கும் அதிக இடைவெளியில் ஜெயித்தார். பின்னால் துரத்தியவர்களில் வான் டெர் பிரெகனும் அமெரிக்காவின் க்ளோயி டைகர்ட்டும் இருந்தார்கள். அந்த வருடம் டைம் ட்ரையல் உலக சாம்பியன் டைகர்ட்தான். துரத்தியது யார் என்று பார்த்தாலே போட்டி குறைவா இல்லையா என்று தெரியும்.

2022ஐக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். அந்த வருடம் அவர் ஜீரோ, பெண்கள் டூர் டி பிரான்ஸ், ஸ்பெயின் பந்தயம், உலக சாம்பியன்ஷிப் நான்கையும் வென்றார். டூரின் முதல் நாட்களில் வயிறு கெட்டு, சாப்பிட்டது எதுவும் தங்காமல், விலகும் நிலைக்கு வந்தார். ஏழாவது நாள் வோஜ் மலைகளில் பெட்டி பாலோன் ஏற்றத்தில் தாக்கினார். நெதர்லாந்தின் டெமி வோலரிங் மட்டும் கூட வந்தார். அடுத்த ஏற்றத்தில் அவரும் கழன்றுவிட, மிச்ச தூரத்தைத் தனியாக ஓட்டி மூன்று நிமிடத்துக்கு மேல் இடைவெளி வைத்தார். மறுநாள் சைக்கிளில் கோளாறு வந்து பல முறை சைக்கிளை மாற்றியும் அந்த நாள் பந்தயத்தையும் வென்றார். செப்டம்பரில் ஆஸ்திரேலியாவின் வொல்லங்காங்கில் உலக சாம்பியன்ஷிப். ஆண்களும் பெண்களும் சேர்ந்த கலப்பு அணிப் போட்டியில் கிளம்பிய சில நொடிகளிலேயே விழுந்து முழங்கையில் முறிவு. மூன்றே நாளில் சாலைப் பந்தயம். எழுந்து நின்று மிதிக்க முடியாது, கை தாங்காது. அதனால் உட்கார்ந்தபடியே ஏற்றங்களில் மிதித்தார். கடைசி கிலோமீட்டரில் பின்னாலிருந்து முன்குழுவோடு வந்து சேர்ந்த வேகத்திலேயே, யாரும் திரும்பிப் பார்ப்பதற்குள், ஒரு பக்கமாக விலகிப் போய்விட்டார். நின்று மிதிக்க முடியாதவர் ஸ்பிரின்டுக்குக் காத்திருந்தால் நிச்சயம் தோற்றிருப்பார், அதனால் காத்திருக்கவில்லை. பெல்ஜியத்தின் லோட்டே கோபெக்கி இரண்டாவது. நாற்பது வயதுக்கு இரண்டு வாரம்தான் பாக்கி.

போட்டி குறைவா என்ற கேள்விக்கு நேர்மையான பதில் இது: உச்சியில் குறைவு கிடையாது, அடியில் அந்தக் காலத்தில் குறைவாக இருந்தது. காரணம் பணம். சர்வதேச சைக்கிள் கூட்டமைப்பு பெண்களின் மேல்நிலை அணிகளுக்குக் குறைந்தபட்ச சம்பளம் என்ற ஒன்றைக் கொண்டுவந்ததே 2020ல்தான், வருடத்துக்கு 15,000 யூரோ. 2023க்குள் அது 32,100 ஆனது. மகப்பேறு விடுப்பும் அதே 2020 விதிகளில்தான் வந்தது, மூன்று மாதம் முழுச் சம்பளம், அடுத்த ஐந்து மாதம் பாதி. அதற்கு முன்னால் நிறைய பேர் பாதி நாள் வேலை பார்த்துக்கொண்டோ, வீட்டுக் காசிலோதான் ஓட்டினார்கள். 2021 அக்டோபரில் பிரான்ஸின் ஒரு நாள் பந்தயமான பாரிஸ்-ரூபே பெண்களுக்கு முதல் முறை நடந்தபோது, பிரிட்டனின் லிஸி டெய்க்னன், குழந்தை பெற்றுத் திரும்பி வந்தவர், ஈரமான கல் பாவிய சாலைகளில் 80 கிலோமீட்டர் போல தனியாக ஓட்டி, உள்ளங்கை கிழிந்து ரத்தம் கைப்பிடி நாடாவில் படிந்திருக்க, ஜெயித்து வந்தார். பரிசு 1,535 யூரோ. ஆண்களுக்கு 30,000. மீதியை அவருடைய அணி ஈடு செய்தது. அப்படிப்பட்ட ஒரு தொழிலில் திறமையுள்ள பலர் 26, 27 வயதில் விட்டுவிட்டுப் போனதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது? வான் வ்லூட்டன் மாதிரி ஒருவர் தாமதமாக வந்தும் இடம் கிடைத்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். இது என் ஊகம், நிரூபிக்க முடியாது. ஆனால் உள்ளே வர இடம் கிடைப்பது வேறு, மேலே ஏறுவது வேறு. மேலே அவர் எதிர்கொண்டது நெதர்லாந்தின் மரியான் வோஸை, வான் டெர் பிரெகனை, பிறகு வோலரிங்கை. எந்தக் காலத்தில் வைத்துப் பார்த்தாலும் இவர்கள் பெரிய ஆட்கள்.

இப்போது உங்களுக்குப் பயன்படும் இடத்துக்கு வருகிறேன். சைக்கிள் பந்தயத்துக்கு இரண்டு தனித்தனித் திறமைகள் வேண்டும். ஒன்று எஞ்சின். நுரையீரல், இதயம், கால். அதை நீங்கள் ஓட்டத்திலோ, நீச்சலிலோ, துடுப்புப் படகிலோ, கால்பந்திலோ கட்டியிருந்தாலும் கணிசமாகக் கூடவே வரும். இன்னொன்று கூட்டத்தில் ஓட்டும் திறமை. நூற்றைம்பது பேர் தோளோடு தோள் உரச 50 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு குறுகலான திருப்பத்துக்குள் நுழையும்போது எந்தச் சக்கரத்தின் பின்னால் இருக்க வேண்டும், எப்போது பிரேக்கைத் தொடக்கூடாது, காற்று எந்தப் பக்கம் என்பதெல்லாம். இது வேறு எந்த விளையாட்டிலிருந்தும் வராது. பத்து வயதில் கற்றவர்களுக்கு இது நடப்பது மாதிரி.

என்னிடம் வந்த ஒருவரைச் சொல்கிறேன். நல்ல நெடுந்தூர ஓட்டக்காரி, 26 வயதில் சைக்கிளுக்கு மாறினார். தனியாக ஒரு ஏற்றத்தில் விட்டால் எங்கள் குழுவின் பாதி ஆண்களுக்கு முன்னால் மேலே இருப்பார். அவருடைய முதல் குழுப் பந்தயத்தில் நான் பின்னால் வண்டியில் வந்தேன். ஒவ்வொரு திருப்பத்துக்கும் முன்னால் பிரேக் பிடியில் விரல்கள் வெளுத்துப்போகும் அளவுக்கு இறுக்கம், கண் முன்சக்கரத்திலேயே குத்தி நிற்கிறது. திருப்பம் முடிந்ததும் ஐந்து மீட்டர் இடைவெளி விழுந்திருக்கும். அதை மூட எழுந்து நின்று முழு வேகத்தில் மிதிப்பார். மூடி முடித்து மூச்சு வாங்குவதற்குள் அடுத்த திருப்பம். இப்படி முப்பது தடவை. பந்தயம் முடிந்து பவர் மீட்டர் (மிதிக்கும் சக்தியை வாட்டில் அளக்கும் கருவி) கணக்கைப் பார்த்தால், ஜெயித்த பெண்ணைவிட இவர்தான் அதிக சக்தி செலவழித்திருந்தார். பதினெட்டாவது இடம். கூட்டத்துக்குள் ஒளிந்து ஓட்டினால் காற்றை எதிர்க்கும் சக்தியில் மூன்றில் ஒரு பங்கையோ அதற்கு மேலோ சேமிக்கலாம், அந்தச் சேமிப்பு முழுவதையும் அவர் திருப்பங்களில் கொட்டிவிட்டார்.

இதை மனதில் வைத்துக்கொண்டு தாமதமாக வந்த பெரிய ஆட்கள் எப்படி ஜெயித்தார்கள் என்று பாருங்கள். வான் வ்லூட்டன் யார்க்‌ஷயரில் நூறு கிலோமீட்டர் தனியாக. டோக்கியோ ஒலிம்பிக்கில், 2021 ஜூலையில், ஆஸ்திரியாவின் அன்னா கீசன்ஹோஃபர், கணிதத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர், அப்போது எந்தத் தொழில்முறை அணியிலும் இல்லாதவர், 137 கிலோமீட்டர் பந்தயத்தில் கொடி அசைந்ததுமே கிளம்பிவிட்டார். கூட்டத்துக்குள் இருக்கவே இல்லை. கடைசி நாற்பது கிலோமீட்டர் தன்னந்தனியாக. ஒலிம்பிக்கில் அணியோடு பேசும் காதுக் கருவி கிடையாது என்பதால் ஒருவர் இன்னும் முன்னால் இருக்கிறார் என்பதே தெரியாமல், 75 நொடி தாமதமாகக் கோட்டைத் தொட்ட வான் வ்லூட்டன் தங்கம் என்று நினைத்துக் கைகளை உயர்த்தினார். அந்த முகம் மாறியதை என்னால் மறக்க முடியவில்லை. மூன்று நாள் கழித்து டைம் ட்ரையலில் 56 நொடி வித்தியாசத்தில் தங்கம் வாங்கினார், அங்கேயும் தனியாகத்தான். 2024 பாரிஸில் அமெரிக்காவின் கிறிஸ்டன் ஃபாக்னர். ஹார்வர்டில் துடுப்புப் படகு வீராங்கனை, முதலீட்டு நிறுவனத்தில் வேலை பார்த்தவர், இருபதுகளின் நடுவில் நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கில் ஒரு தொடக்கநிலை வகுப்பில் சைக்கிள் கற்கத் தொடங்கியவர். கோட்டுக்கு மூன்று கிலோமீட்டர் இருக்கையில் வோஸையும் கோபெக்கியையும் விட்டுக் கிளம்பி, 58 நொடி இடைவெளியில் தங்கம்.

நேர் எதிராக வோஸ். சின்ன வயதிலிருந்தே பந்தயம், 2006ல் 19 வயதில் உலக சாம்பியன், அடுத்த ஐந்து வருடம் தொடர்ச்சியாக அதே பந்தயத்தில் வெள்ளி, 2012ல் லண்டனில் ஒலிம்பிக் தங்கம். அவர் கடைசி முந்நூறு மீட்டரில் கூட்டத்துக்குள் சரியான சக்கரத்தைப் பிடித்து வெளியே வரும் அழகு கற்றுக்கொடுக்கக்கூடியது என்று எனக்குத் தோன்றவில்லை. தனியாக ஜெயிப்பது தாமதமாக வந்தவர்களுக்கு மட்டும் உரியது என்று சொல்ல வரவில்லை, டெய்க்னனும் ரூபேயில் தனியாகத்தான் வந்தார், அவர் சிறு வயதிலேயே தொடங்கியவர். ஆனால் தாமதமாக வந்தவர்களுக்குப் பெரும்பாலும் அது ஒன்றுதான் வழி. அதனால் அவர்கள் எஞ்சினை மற்றவர்களைவிடப் பெரிதாகக் கட்ட வேண்டியிருக்கிறது. வான் வ்லூட்டன் ஸ்பெயினின் டெனெரிஃபே தீவிலும் இத்தாலியின் லிவின்யோவிலும் வாரக்கணக்கில் உயரத்தில் தங்கி, ஆண்கள் அணியின் முகாம்களிலும் அவர்களோடு மணிக்கணக்கில் ஓட்டிப் பயிற்சி செய்தார் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

அவர் இத்தனை முறை விழுந்ததற்கும் தாமதமாகத் தொடங்கியதற்கும் தொடர்பு உண்டா என்று கேட்டால், இருக்கலாம் என்று மட்டும் சொல்வேன். 2016 முதுகு, 2018ல் இன்ஸ்ப்ரூக் உலக சாம்பியன்ஷிப்பில் முழங்கால், அந்த முறிவோடேயே பந்தயத்தை முடித்து ஏழாவது வந்தார், 2020ல் மணிக்கட்டு, 2021 ரூபேயில் இடுப்பெலும்பு, 2022ல் முழங்கை. ஆனால் சிறு வயதில் தொடங்கியவர்களும் விழுகிறார்கள், சாலைப் பந்தயம் அப்படிப்பட்டது. இரண்டையும் முடிச்சுப் போட எனக்கு ஆதாரம் கிடையாது.

ஒரு விஷயம் மட்டும் உங்களுக்குக் கசக்கலாம். அவர் காலத்தைவிட இப்போது உள்ளே வருவது கடினம். சம்பளம் வந்துவிட்டது, திறமையுள்ளவர்கள் விட்டுவிட்டுப் போவதில்லை, 18 வயதுப் பெண்கள் முழுநேரப் பயிற்சியில் இருக்கிறார்கள். 2023ல் அவரே இதைச் சந்தித்தார். வசந்தத்தில் ஸ்பெயின் சுற்றை வோலரிங்கிடமிருந்து ஒன்பதே நொடி வித்தியாசத்தில் காப்பாற்றிக்கொண்டார், கோடையில் டூர்மாலே மலையில் அதே வோலரிங் அவரை விட்டுப் போனார், டூரில் நான்காவது இடம். செப்டம்பரில் நெதர்லாந்தின் ஆர்னமில் கடைசிப் பந்தயத்தோடு ஓய்வு பெற்றார். ஃபாக்னரின் தங்கம் அதற்கு அடுத்த வருடம் என்பதால் கதவு மூடிவிட்டது என்று சொல்ல மாட்டேன். முன்னைவிட ஒடுங்கிவிட்டது.

ஆகவே 24 வயது தாமதமா என்றால், எஞ்சினுக்குத் தாமதம் இல்லை, கூட்டத்துக்குத் தாமதம். இரண்டையும் தனித்தனியாக நடத்துங்கள். ஞாயிறு 100 கிலோமீட்டர் என்பது உங்கள் எஞ்சினைப் பற்றி எனக்கு எதுவும் சொல்வதில்லை, யாரோடு, எவ்வளவு வேகத்தில் ஓட்டினீர்கள் என்று தெரியாது. ஒரு பவர் மீட்டரோ, பவர் காட்டும் உட்புறப் பயிற்சிக் கருவியோ கடன் வாங்கி, இரண்டு நாள் ஓய்வுக்கு அப்புறம் இருபது நிமிடம் முழு மூச்சாக மிதித்துப் பாருங்கள். வரும் சராசரி வாட்டில் ஐந்து சதவீதம் கழித்து, உங்கள் எடையால் வகுத்துக்கொள்ளுங்கள். உலகத்தரத்தில் மலை ஏறும் பெண்கள் கிலோவுக்கு 5 வாட்டை ஒட்டி இருக்கிறார்கள் என்பது பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட மதிப்பீடு. ஒழுங்கான திட்டமே இல்லாமல் ஓட்டும் உங்களுக்கு இப்போதே 3.3க்கு மேல் வந்தால் நான் நிமிர்ந்து உட்காருவேன். 2.5 வந்தாலும் ஒரு வருடம் முறையாகப் பயிற்சி செய்துவிட்டு மறுபடி அளந்த பிறகே முடிவு சொல்ல முடியும், ஏனென்றால் தொடக்க அளவைவிட எவ்வளவு வேகமாக உயர்கிறது என்பதுதான் அதிகம் சொல்லும். அந்த வேகம் ஆளுக்கு ஆள் பெரிதாக மாறும், முன்கூட்டிச் சொல்ல எந்தச் சோதனையும் என்னிடம் இல்லை.

கூட்டத்துக்கு, இந்த வாரமே தொடங்குங்கள். மூன்று நான்கு பேர் கிடைத்தால் போதும். புல்தரையில் மெதுவாக ஓட்டி, தோளை வேண்டுமென்றே உரசிப் பழகுங்கள். தரையில் தண்ணீர் பாட்டிலை வைத்து, சைக்கிளை ஓட்டிக்கொண்டே குனிந்து எடுங்கள். முன்னால் போகிறவரின் சக்கரத்தைப் பார்க்காமல் அவருடைய இடுப்பையும் அதற்கு அப்பால் உள்ள சாலையையும் பார்த்து, ஒரு மீட்டரில் தொடங்கி அரை மீட்டர் இடைவெளிக்கு வாருங்கள். நான் சொன்ன அந்த ஓட்டக்காரி இதை எட்டு மாதம் செய்தார். அடுத்த வருடம் அதே பந்தயத்தில் அவர் செலவழித்த சக்தி முந்தைய தடவையைவிடக் குறைவு, வந்த இடம் மூன்றாவது. இருபது நிமிடச் சோதனை முடிந்ததும் வாட்டையும் எடையையும் இங்கேயே எழுதுங்கள், முதல் பன்னிரண்டு வாரத்துக்கு என்ன செய்யலாம் என்று சொல்கிறேன்.